முப்பத்து நான்காவது போல்ட்

பெருங்குடியில் நான்காம் மாடி.
ஏசி பத்து மணிக்கே நின்றுவிட்டது.
கண்ணாடிக்கு வெளியே சதுப்பு நிலம்,
அதன் ஓரத்தில் புகையும் குப்பை மேடு,
இரண்டுக்கும் ஒரே இருட்டு.

திரையில் கோபுரத்தின் இடுப்பு மட்டும்.
எண்பது மீட்டரும் எனக்கு வேண்டியதில்லை.
உருளையும் உருளையும் சந்திக்கும் இடம் போதும்:
விளிம்பின் மேல் விளிம்பு,
சுற்றிலும் நூற்றிருபது போல்ட்.

முதலில் ஒன்றைத்தான் வரைந்தேன்.
பூசணிக் கீற்றுப்போல் மூன்று பாகை வெட்டி
'மற்றதெல்லாம் இப்படியே' என்று
கணினியிடம் சொன்னேன்.
அது நம்பியது.
பிப்ரவரி முழுக்க நானும் நம்பினேன்.

போல்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
காற்று வருமுன்பே அதை இழுத்துவிடுகிறோம்,
ஐம்பது டன், சும்மா நிற்கும்போதே.
அப்படி இழுபட்டிருப்பதால்தான்
காற்று இழுக்கும்போது அதற்கு அவ்வளவாக உறைப்பதில்லை.
தகடும் தகடும் ஒட்டியிருக்கும்வரை
பாரம் தகட்டின் பாடு.

ஒட்டியிருக்கும்வரை.

கயத்தாறிலிருந்து சுடலையாண்டி படம் அனுப்பினார்.
இடுக்கில் அளவுத் தகடு நுழைந்து நிற்கிறது.
சாம்பல் பெயிண்டின் மேல் சாக்பீஸ் எண்கள்,
முப்பத்தொன்று முதல் முப்பத்தெட்டு வரை.
"பாய்ன்ட் எட்டு இருக்கும் மேடம்.
கொசு நுழையாது."

கீற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு
முழு வளையத்தையும் வரைந்தேன், அந்த இடுக்கோடு.
தொடுகிறதா, இல்லையா, தொடுகிறதா என்று
புள்ளி புள்ளியாய்க் கேட்டுக் கேட்டு
பதினோரு மணி நேரம் கழித்துக் கைவிரித்தது கணினி.
சிவப்பில் ஒரே வரி: விடை குவியவில்லை.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ரெஜினால்டு சொன்னான்:
"செயற்கையா கொஞ்சம் தடை வையேன். குவிஞ்சிரும்."
வைத்தேன்.
இருபதே நிமிடத்தில் குவிந்தது.
வளையம் முழுக்க அமைதியான நீலம்.
ஆயுள் இருபது வருடம்.
ஒரு டீ குடிக்கும் நேரம்
அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அழித்தேன்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்குச் சுடலையாண்டியைக் கூப்பிட்டு
எந்த வரிசையில் முடுக்கினீர்கள் என்று கேட்டேன்.
பின்னால் டிவி சத்தம். யோசித்து யோசித்துச் சொன்னார்:
"ஒண்ணு, அதுக்கு எதிர்ல அறுபத்தொண்ணு,
அப்புறம் பக்கவாட்டுல...
நாப்பது முடிச்சு சாப்பிடப் போனோம்.
வந்து முப்பத்தொண்ணுல பிடிச்சோம், ஒரே பக்கமா.
தப்பா மேடம்?"

தப்பு என்று சொல்லவில்லை.
அப்படியே எழுதிக்கொண்டேன்.
நாற்பதாம் படிக்கும் நாற்பத்தொன்றாம் படிக்கும் நடுவே
என் கோப்பில் இப்போது
அவருடைய மதியச் சாப்பாடு இருக்கிறது.

மூன்று நாற்பதுக்குக் குவிந்தது.

முப்பத்து நான்கு சிவப்பு.
அக்கம்பக்கத்தில் ஆரஞ்சு.
விளிம்பு ஆவென்று வாய் திறந்திருக்கிறது,
ஐந்நூறு மடங்கு பெருக்கிய படத்தில்.
நிஜத்தில் ஒரு மயிரிழைகூட இல்லை.
பெருக்காமல் காட்டினால் வரதராஜுலு சார்
"ஒண்ணுமே இல்லையேம்மா" என்பார்.
ஆயுள்: மூன்றரை வருடம்.
நட்டு நான்காவது வருடம் நடக்கிறது.

பெருங்குடி ஸ்டேஷனில் ஆள் இல்லை.
பிளாட்பாரக் கூரையைத் தாங்கும் இரும்பின் காலடியில்
நாலு போல்ட், ஒன்றில் நட்டு இல்லை.
இதெல்லாம் இப்போது கண்ணில் படுகிறது.

போன் அதிர்ந்தது.
"குட்மார்னிங் மேடம். ஆனிக் காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது.
இன்னைக்குப் பதினேழாம் நம்பர்ல வேலை. ஏறலாமா?"

ஓடாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்பார்கள்.
அறிக்கை இன்னும் எழுதவில்லை.
என் வண்ணப் பட்டியலில்
இந்தக் கேள்விக்கு நிறம் கிடையாது.

'வேண்டாம். நிறுத்திவிடுங்கள்' என்று அனுப்பினேன்.
ரயில் வந்து, கதவருகே காலியாய் நின்று, போனது.
இரண்டு டிக்கும் நீலமாகும்வரை
நான் ஏறவில்லை.